அண்ணன் சட்டை அணிந்த ரயில்கள்

தீபாவளிக்கு மூத்த பிள்ளைக்குப் புதுச் சட்டை தைப்பதும், அவன் போன வருஷம் போட்டுக்கொண்ட சட்டை இளையவனுக்கு வந்து சேருவதும் நம் குடும்பங்களில் நெடுங்காலமாக நடந்து வரும் சம்பிரதாயம். இளையவன் சற்று நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். பாட்டி சமாதானம் சொல்வாள். தோளில் ஒரு பிடி பிடித்து இரண்டு தையல் போட்டதும் விஷயம் தீர்ந்து போகும். ரயில்வே என்னும் மகா பெரிய குடும்பத்திலும் இதே சம்பிரதாயந்தான் அனுசரிக்கப்படுகிறது. தலைநகரங்களுக்கு இடையே ஓடும் எக்ஸ்பிரஸ் வீட்டுக்கு மூத்த பிள்ளை. புதுப் பெட்டிகள் அதற்கு. அது கழற்றிப் போட்ட பெட்டிகள் அடுத்த தரத்து எக்ஸ்பிரஸுக்கு. அதுவும் கழித்துவிட்டால், கிளைப் பாதையில் ஊர் ஊராய் நின்று போகும் பாஸஞ்சருக்கு.

புது வண்டி விடும் நாளில் மேளதாளம் என்ன, மாலை என்ன, கொடியசைப்பு என்ன, மறுநாள் பத்திரிகைகளில் படம் என்ன! ஆனால் அந்தப் புது வண்டிக்கு இடம் விட்டு விலகிய பழைய வண்டி எங்கே போயிற்று என்று யாரும் விசாரிப்பதில்லை. அதைப் படம் பிடிப்பாரும் இல்லை. நமக்கோ அந்தப் பழைய வண்டியின் பேரில்தான் சிரத்தை. நம் தேசத்தில் ரயிலேறுகிறவர்களில் மிகப் பலர் புது வண்டியில் ஏறுவதில்லை. பிறர் ஏறி இறங்கிய வண்டியில்தான் ஏறுகிறார்கள்.

முதலில் ஒரு சிறு கணக்கு. வாசகர்கள் பயப்பட வேண்டாம். விரல் விட்டு எண்ணக்கூடிய கணக்குத்தான். எஞ்சின் நீங்கலாக, ஒன்றோடொன்று கோத்த பெட்டிவரிசை முழுவதற்கும் ரயில்வேக்காரர்கள் 'ரேக்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கால அட்டவணையில் ஒரு வண்டிக்கு ஒரு பெயர்தான். ஆனால் அந்தப் பெயரைச் சுமந்து ஓடும் ரேக்குகள் பல. தமிழ்நாடு எக்ஸ்பிரஸை எடுத்துக்கொள்வோம். திங்கட்கிழமை இரவு சென்னையை விட்டுக் கிளம்புகிற வண்டி, செவ்வாய் முழுவதும் ஓடி, புதன் காலையில் புது டில்லி சேருகிறது. அன்று பகலெல்லாம் கழுவலும் துடைப்பும் பரிசோதனையும். இரவு திரும்பக் கிளம்பினால் வெள்ளிக்கிழமை காலையில் சென்னை. அந்த ரேக் மறுபடி டில்லிக்குப் புறப்படுவது வெள்ளி இரவு. இடையில் செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்று இரவுகளிலும் கிளம்புவதற்கு வேறு மூன்று ரேக்குகள் வேண்டாமா? ஆக, 'தினசரி ஒரு வண்டி' என்று நாம் லேசாகச் சொல்லிவிடுவதற்கு நான்கு முழு வண்டிகள் தேவைப்படுகின்றன. பழுது பார்க்கப் போகும் பெட்டிகளுக்கு ஈடாக நிறுத்தி வைத்திருக்கும் பெட்டிகள் தனிக் கணக்கு.

இவ்வளவு பெட்டிகளைச் சும்மா நிறுத்தி வைக்க எந்த ரயில்வேக்கும் கட்டுபடியாகாது. ஆகையால் ஒரே ரேக்கை இரண்டு வண்டிகள் பங்கு போட்டுக்கொள்ளும். வைகையும் பல்லவனும் நெடுங்காலம் இப்படித்தான் குடித்தனம் நடத்தி வந்திருக்கின்றன. காலையில் மதுரையிலிருந்து வைகை எக்ஸ்பிரஸாகக் கிளம்பிப் பிற்பகலில் எழும்பூர் வந்து சேரும் பெட்டிகளே, சற்று இளைப்பாறிவிட்டு, பல்லவன் என்று பெயர் மாற்றிக்கொண்டு திருச்சிக்கும் காரைக்குடிக்கும் புறப்படும். மறுநாள் காலை பல்லவனாகச் சென்னைக்கு வந்து, பிற்பகலில் வைகையாக மதுரைக்குத் திரும்பும். வேஷம் மாற்றி இரண்டு பாத்திரம் தாங்கும் நாடகக்காரரைப் போல! இதில் ஒரு சங்கடமும் உண்டு. காலையில் வைகை தாமதமானால் மாலையில் பல்லவனும் தாமதமாகும். காரைக்குடிக்குப் போகிற மனிதர், மதுரை வண்டி பாதி வழியில் நின்றதற்காக எழும்பூரில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

இப்படிப் பின்னிக் கிடக்கும் வலையில் ஓர் இழையை இழுத்தால் மற்றவையும் அசையும். ஒரு வண்டிக்குப் புதுப் பெட்டி கொடுக்க வேண்டுமானால் அதோடு ரேக்கைப் பகிர்ந்துகொள்ளும் வண்டிக்கும் கொடுத்தாக வேண்டும். ஒவ்வொரு பெட்டியாய் மாற்றிக்கொண்டு போகலாமே என்றால் அதற்கும் வழியில்லை. காரணத்தைச் சொல்வதற்கு நாம் பெரம்பூருக்குப் போக வேண்டும்.

பெரம்பூர் இண்டெக்ரல் கோச் பாக்டரியை ஜவஹர்லால் நேரு 1955-ஆம் வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி ஜயந்தியன்று திறந்து வைத்தார். ஸ்விட்ஸர்லாந்தில் ஷ்லீரன் என்னும் ஊரிலிருந்த தொழிற்சாலையின் மாதிரியைக் கொண்டு இங்கே பெட்டி கட்டத் தொடங்கினார்கள். மரச் சட்டங்களாலான பழைய வண்டிகளைப் பார்த்துப் பழகிய ஜனங்களுக்கு, முழுக்க முழுக்க எஃகாலான அந்தப் பெட்டி ஓர் அதிசயமாகத் தோன்றியதில் வியப்பில்லை. நாம் கன்யாகுமரிக்குப் போனாலும் காசிக்குப் போனாலும், சிற்றப்பா பெண் கலியாணத்துக்குப் போனாலும், அரை நூற்றாண்டுக்கு மேல் நம்மைச் சுமந்தவை பெரும்பாலும் இந்த மாதிரிப் பெட்டிகள்தான். அவற்றை அவமதித்துப் பேச நமக்கு மனம் வராது. கடைசிப் பழைய மாதிரிப் பெட்டி 2018-ஆம் வருஷம் ஜனவரி மாதம் பெரம்பூரை விட்டு வெளியேறியது.

2000-ஆம் வருஷ வாக்கில் ஜெர்மனியிலிருந்து வேறொரு மாதிரியில் 24 பெட்டிகள் தருவிக்கப்பட்டன. எல்.ஹெச்.பி. என்று அதைச் சொல்கிறார்கள். பிறகு பஞ்சாபில் கபூர்தலாவிலும், அதற்கப்புறம் பெரம்பூரிலும் அதே மாதிரியில் கட்டலானார்கள். துருப்பிடிக்காத எஃகு உடல். மணிக்கு 160 கிலோமீட்டர் வரை தாங்கும் சக்கர அமைப்பு. பழைய பெட்டி சாதாரணமாக ஓடியதோ 110. எல்லாவற்றிலும் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. பழைய பெட்டிகளை ஒன்றோடொன்று சேர்ப்பது திருகுச் சங்கிலி. புதிய மாதிரியைச் சேர்ப்பது நடுவில் கைகோத்தது போன்ற இறுகிய கொக்கி. விபத்து நேர்ந்தால் இந்தக் கொக்கி ஒரு பெட்டியை இன்னொன்றின் மேல் ஏற விடாமல் பிடித்துக்கொள்ளும். (ஆரம்ப காலத்தில் இதே கொக்கி, வண்டி கிளம்பும்போதும் நிற்கும்போதும் ஒரு குலுக்குக் குலுக்கி, கையிலிருந்த காப்பியை எதிர் ஆசாமியின் மடியில் கொட்டிற்று என்பது வேறு கதை.) சங்கிலியும் கொக்கியும் ஒன்றோடொன்று சேராதபடியால் இரண்டு ஜாதிப் பெட்டிகளையும் ஒரே வண்டியில் இஷ்டம்போல் கலந்து கோக்க முடிவதில்லை. மாற்றினால் முழு ரேக்காகத்தான் மாற்ற வேண்டும்.

முழு ரேக்காக மாற்றுவது என்றால், யாருக்கு முதலில் என்ற கேள்வி வருகிறது. முதலில் சதாப்திக்குக் கொடுத்தார்கள். பிறகு ராஜதானிக்குக் கொடுத்தார்கள். வேகமாக ஓடுவன அவையே. ஆகவே உறுதியான பெட்டி அவற்றுக்கு முதலில் தேவை என்று சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் மூத்த பிள்ளைக்குச் சட்டை தைத்து முடிவதற்குள் வருஷங்கள் ஓடிவிட்டன.

2016-ஆம் வருஷம் நவம்பர் 20-ஆம் தேதி, பொழுது விடியுமுன், கான்பூருக்கு அருகே புக்ராயன் என்னும் இடத்தில் இந்தூர்–பாட்னா எக்ஸ்பிரஸ் தடம் புரண்டது. சுமார் 150 பேர் மாண்டார்கள். பழைய மாதிரிப் பெட்டிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நசுங்கிக் கிடந்த காட்சியைப் படங்களில் கண்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தடம் புரண்டதற்கு எது காரணமானாலும், புரண்ட பின் உயிரிழப்பு அவ்வளவு பெரிதானதற்குப் பெட்டியின் பழைய அமைப்பும் ஒரு காரணம் என்பது அப்போதே பேசப்பட்டது. உறுதியான பெட்டி இந்த தேசத்துக்கு வந்து அப்போது ஏறக்குறைய 16 வருஷங்கள் ஆகியிருந்தன. இந்தூரிலிருந்து பாட்னாவுக்குப் போகிறவர்களுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை! பழைய மாதிரியைக் கட்டுவதை அடியோடு நிறுத்திவிடுவது என்ற தீர்மானம் அந்தக் காலத்தில்தான் உறுதிப்பட்டது.

சட்டை இறங்குவது வேறு. காப்பு இறங்குவது வேறு என்பதை இங்கே நாம் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம். மெத்தை சற்றுப் பழசாயிருந்தால் கிளைப் பாதைப் பிரயாணி முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்துகொள்வார். ஆனால் உயிருக்குக் காப்பான சாதனம் வரிசைப்படி, அந்தஸ்துப்படி இறங்கி வரட்டும் என்று காத்திருக்கச் சொல்வது தர்மமாகாது.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிட வேண்டாம். நமக்கு ரயில் விட்ட இங்கிலாந்து தேசத்திலேயே நடந்ததைக் கேளுங்கள். 1976-ஆம் வருஷம் அங்கே ஒரு புது வண்டி ஓடத் தொடங்கியது. மணிக்கு 125 மைல் வேகம். நம் கணக்கில் சுமார் 200 கிலோமீட்டர். இரண்டு முனையிலும் டீஸல் எஞ்சின்; நடுவில் நீண்ட பெட்டிவரிசை. லண்டனிலிருந்து மேற்கேயும் வடக்கேயும் போகும் பெரும் பாதைகளில் அது நாற்பது வருஷங்கள் ராஜாவாக விளங்கிற்று. பிறகு புதிய மின்சார வண்டிகள் வந்தன. பழைய ராஜாவை என்ன செய்வது? எஞ்சின் இரண்டையும் வைத்துக்கொண்டு நடுப் பெட்டிகளை நாலும் ஐந்துமாகக் குறைத்து, 2018 முதல் ஸ்காட்லாந்தின் நகரங்களுக்கிடையே ஓட விட்டார்கள். அதுவரை ஸ்காட்லாந்தில் ஓடிய சிறு வண்டிகளைவிட இருக்கை சௌகரியமாயிருந்தது, ஜன்னல் பெரிதாயிருந்தது, பிரயாணிகள் சந்தோஷப்பட்டார்கள் என்றே சொல்ல வேண்டும். தானாகத் திறக்கும் கதவும், அசுத்தம் தண்டவாளத்தில் விழாத கழிப்பறையும் வைத்துப் புதுப்பிக்கும் வேலை மட்டும் இழுத்துக்கொண்டே போயிற்று. சில வண்டிகளைப் பழைய கோலத்திலேயே ஓட்டினார்கள்.

2020-ஆம் வருஷம் ஆகஸ்டு 12-ஆம் தேதி, கார்மண்ட் என்ற இடத்தில், பெருமழை அடித்துக் கொண்டுவந்து தண்டவாளத்தின் மேல் பரப்பியிருந்த சரளைக் கல்லில் அந்த வண்டிகளில் ஒன்று மோதித் தடம் புரண்டது. டிரைவர், கண்டக்டர், ஒரு பிரயாணி என மூன்று பேர் உயிரிழந்தார்கள். சரளை வந்ததற்குக் காரணம் பாதையோரத்து வடிகால் சரியாகக் கட்டப்படாததுதான், வண்டியின் குற்றமன்று. ஆயினும் விசாரணை செய்தவர்கள் இன்னொன்றையும் எழுதி வைத்தார்கள். இக்காலத்து விதிகளின்படி கட்டிய வண்டியாக இருந்திருந்தால் சேதம் குறைந்திருக்கவே அதிக இடமுண்டு என்பது அவர்கள் அபிப்பிராயம். அந்த வண்டிகளின் உடன்பிறப்புகள் சில கடல் கடந்து மெக்ஸிகோவுக்கும் போய்விட்டன. அண்ணன் சட்டை எவ்வளவு தூரம் பிரயாணம் செய்கிறது, பாருங்கள்!

நம் ஊருக்குத் திரும்புவோம். புதுப் பெட்டி வந்துவிட்டால் எல்லாருக்கும் நன்மைதானே என்றால், அங்கேயும் ஒரு நுட்பம் இருக்கிறது. எல்.ஹெச்.பி. பெட்டி பழையதைவிட நீளம். பிளாட்பாரமோ, பெட்டியின் அடிவயிற்றைச் சோதிப்பதற்காக நடுவே பள்ளம் தோண்டிய பாதையோ, பெட்டிக்காக நீளுவதில்லை. ஆகவே பழைய பெட்டி 24 நின்ற இடத்தில் புதியது 22-தான் நிற்கும். அதனால் மோசமில்லை, பழைய ஸ்லீப்பரில் 72 படுக்கை, புதியதில் 80. மொத்தக் கணக்கில் நஷ்டம் வராது. ஆனால் விளக்குக்கும் குளிர்சாதனத்துக்கும் மின்சாரம் உண்டாக்கும் பெட்டி, பல வண்டிகளில் இரண்டு முனையிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. முன்பு அதே இடத்தில் இருந்தது கார்டும் சாமான்களும் பாதி, முன்பதிவில்லாப் பிரயாணிகள் பாதியுமாகப் போகும் பெட்டி. அந்தப் பாதி இடம் போயிற்று. போதாக்குறைக்கு, ஸ்லீப்பரைக் குறைத்து ஏ.ஸி.யைக் கூட்டும் மோகமும் சேர்ந்துகொண்டது. வண்டி நல்ல வண்டியாயிற்று. அதில் ஏறுவதற்கு ஏழைக்கு இடம் குறைந்தது. பின்னாளில் எஞ்சினிலிருந்தே மின்சாரம் எடுக்கும் ஏற்பாடு வந்து, இந்த இடப்பஞ்சம் ஓரளவு தணிந்திருப்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நெருக்கடியில் நசுங்கும் பிரயாணியைப் பற்றி முதன்முதலில் தேசத்தையே யோசிக்க வைத்தவர் மகாத்மா காந்தி. 1917-ஆம் வருஷத்தில் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்த அனுபவத்தை அவர் பத்திரிகைகளுக்கு எழுதினார். 22 பேருக்கு என்று குறித்திருந்த வண்டியில் எத்தனை பேர் ஏறினார்கள், இரண்டு இரவுகள் எப்படிக் கழிந்தன என்பதையெல்லாம் அவர் கணக்கு வழக்கோடு சொல்லியிருக்கிறார். மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974-இல் மறைந்தது. பெயர் மறைவது சுலபம். பலகை மறைவதுதான் கஷ்டம். 1977-இல் ரயில்வே மந்திரியான மது தண்டவதே அதைச் செய்யத் துணிந்தார். இரண்டாம் வகுப்பில் வெறும் மரப் பலகையாயிருந்த படுக்கைக்கு மெத்தை போட ஏற்பாடு செய்தார். அதே வருஷம் டிசம்பரில் பம்பாய்க்கும் ஹௌராவுக்கும் இடையே, உயர்ந்த வகுப்பு தாழ்ந்த வகுப்பு என்ற பேதமே இல்லாத கீதாஞ்சலி எக்ஸ்பிரஸைத் தொடங்கி வைத்தார். நெடுந்தூரப் பாதையில் ஒரு புது வண்டியை, முதலிலேயே சாமானியருக்கென்று தேர்ந்தெடுத்துக் கொடுத்த காரியம் அது. அண்ணனிடமிருந்து இறங்கியதன்று, தம்பிக்கென்றே துணியெடுத்துத் தைத்த சட்டை.

இனி, இந்த நாளின் செல்லப் பிள்ளையான வந்தே பாரத்தைப் பார்ப்போம். அதுவும் பெரம்பூரில் பிறந்த குழந்தைதான். 2019-ஆம் வருஷம் பிப்ரவரி 15-ஆம் தேதி டில்லிக்கும் வாராணசிக்கும் இடையே முதலில் ஓடிற்று. தனி எஞ்சின் இல்லை; பெட்டிகளின் அடியிலேயே மோட்டார்கள். 16 பெட்டியாகவும் 8 பெட்டியாகவும் கட்டினார்கள். நாலாபக்கத்திலிருந்தும் 'எங்கள் ஊருக்கு, எங்கள் ஊருக்கு' என்று கோரிக்கை எழுந்தது. அப்படிப் பங்கிடும்போது நேர்ந்த ஒரு சம்பவம் மிகவும் ருசிகரமானது.

2022 டிசம்பரில் நாகபுரிக்கும் பிலாஸ்பூருக்கும் இடையே 16 பெட்டி வந்தே பாரத் விட்டார்கள். இருக்கைகள் எதிர்பார்த்தபடி நிரம்பவில்லை. 2023 ஏப்ரலில் செகந்திராபாத்துக்கும் திருப்பதிக்கும் இடையே 8 பெட்டி வந்தே பாரத் விட்டார்கள். அங்கேயோ டிக்கெட் கிடைக்காமல் ஜனங்கள் திண்டாடினார்கள். ஏழுமலையானுக்குப் பக்தர் குறைவுண்டா? ஒரு பக்கம் பெரிய பாத்திரத்தில் கொஞ்சம் சோறு. மறுபக்கம் சின்னப் பாத்திரத்தில் வழிய வழியச் சோறு. 2023 மே மாதத்தில் பிலாஸ்பூர் வண்டியை எடுத்துவிட்டு, தாற்காலிகமாக அங்கே ஒரு தேஜஸ் ரேக்கை ஓட விட்டார்கள். 16 பெட்டி வண்டி திருப்பதிப் பாதைக்கு வந்தது. பிலாஸ்பூருக்குப் பிற்பாடு 8 பெட்டி வண்டி போயிற்று.

பரிகசித்தவர்கள் பலர். நாமோ இதைப் பாராட்டவே விரும்புகிறோம். கொடியசைத்துக் கொடுத்த வண்டியை, ஆட்கள் வரவில்லை என்று கண்டதும், ஆறு மாதத்துக்குள் எடுத்து வேண்டிய இடத்தில் வைக்க ஓரளவு துணிவு வேண்டும். நம் தேசத்தில் கொடுத்ததைத் திரும்ப எடுப்பது போல் அரசியலில் கடினமான காரியம் வேறில்லை. முதலிலேயே கூட்டத்தை எண்ணிப் பார்த்திருக்கலாமே என்று கேட்டால், அதற்கு நம்மிடம் மறுமொழி கிடையாது. திருநெல்வேலிக்கு 2023 செப்டம்பரில் 8 பெட்டியோடு விட்ட வண்டியையும், கூட்டத்தைக் கண்டபின் நீட்டத்தான் வேண்டியிருந்தது.

வந்தே பாரத்தின் உண்மையான பலம் அதன் வேகத்தில் இல்லை என்றால் சிலர் ஆச்சரியப்படுவார்கள். 160 கிலோமீட்டர் வேகத்துக்குத் தகுதியான வண்டிதான். ஆனால் நம் பாதைகளில் மிகப் பெரும்பகுதி 130-க்கு மேல் அனுமதிப்பதில்லை, பலவற்றில் 110-தான். அதன் பலம், நின்ற இடத்திலிருந்து விசுக்கென்று வேகம் எடுப்பதில் இருக்கிறது. மோட்டார்கள் வண்டி முழுவதும் பரவியிருப்பதால் அப்படி. கனத்த ரேக்கை ஒற்றை எஞ்சின் இழுத்துக்கொண்டு கிளம்புவது, மாமியார் வீட்டுக்கு மருமகன் கிளம்புகிற மாதிரி. ஒவ்வொரு முறையும் வெகு நேரமாகும். அப்படியானால், அடிக்கடி நிற்கும் வண்டிக்குத்தானே இந்த விசை அதிகம் பிரயோஜனம்? நாமோ அதை இரண்டு ஊருக்கு ஒரு முறை நிற்கும் வண்டிக்குக் கொடுத்திருக்கிறோம். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நிற்கும் வண்டிகள் பலவற்றைப் பல காலம் எஞ்சினும் பழைய பெட்டிகளுமாக இழுத்தடித்தோம்.

இதை ரயில்வேயார் உணராமலில்லை. 'மெமு' என்று ஒன்று, பெட்டியடியில் மோட்டார் வைத்த பாஸஞ்சர் வண்டி, அரக்கோணம், விழுப்புரம் பக்கங்களில் ஓடுவதை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். இரண்டு முனையிலும் டிரைவர் அறை இருப்பதால், கடைசி ஸ்டேஷனில் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டும் கூத்து இல்லை. வந்த வேகத்தில் திரும்பலாம். ஒரே ரேக்கைக் கொண்டு நாளைக்கு அதிக நடை போகலாம். கிளைப் பாதைக்கு இது அளவெடுத்துத் தைத்த உடை என்றே நாம் கருதுகிறோம். குறை இல்லாமல் இல்லை. ஒரு மணி, இரண்டு மணிப் பிரயாணத்துக்காக ஏற்பட்ட ஆசனத்தில், ஐந்து மணி நேரம் உட்கார்ந்து வரச் செய்தால் முதுகு கணக்குக் கேட்கும். குழந்தையோடும் கூஜாவோடும் வரும் தாய்மார்களைக் கேட்டால், கழிப்பறையின் எண்ணிக்கையைப் பற்றி இதைவிடக் காரமாகச் சொல்வார்கள்.

வண்டியை மட்டும் மாற்றினால் போதாது என்பதற்குச் சோழ நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. திருவாரூருக்கும் காரைக்குடிக்கும் இடையே பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வழியாகச் செல்லும் பாதையை அகலப் பாதையாக்கி, 2019-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் டீஸலில் ஓடும் பாஸஞ்சர் வண்டி விட்டார்கள். சுமார் 150 கிலோமீட்டர்தான் தூரம். போய்ச் சேர ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று! காரணம் கேட்டால் சிரிப்பதா, அழுவதா தெரியாது. வழியிலுள்ள கேட்டுகளுக்குப் போதிய ஆள் போடவில்லை. ஆகவே கேட் ஊழியர்களும் வண்டியிலேயே பிரயாணம் செய்தார்கள். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும். ஒருவர் இறங்கி ஓடிப்போய்க் கேட்டை மூடுவார். வண்டி தாண்டி மறுபடி நிற்கும். இன்னொருவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஓடி வந்து ஏறிக்கொள்வார். பாதை புதிது, வண்டி நல்லது. நடை மட்டும் மாட்டுவண்டி நடை. அதே பாதையில், 2025 ஏப்ரலில் பாம்பன் புதுப் பாலம் திறந்தபோது, தாம்பரத்துக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே தினசரி எக்ஸ்பிரஸ் விட்டிருக்கிறார்கள். பட்டுக்கோட்டைக்காரர்களின் பொறுமைக்கு இது ஒரு சன்மானந்தான்.

வண்டி, பாதை இரண்டையும் சொல்லியாயிற்று. மூன்றாவதாகக் கட்டணம். 2020-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் கொள்ளைநோயை முன்னிட்டு ரயில்கள் எல்லாம் நின்றன. மீண்டும் ஓடத் தொடங்கியபோது, பழைய பாஸஞ்சர் வண்டிகளில் பல 'எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்' என்ற பெயரோடு வந்தன. அதே பெட்டி, அதே பாதை, வழியில் அநேகமாக அதே ஸ்டேஷன்கள். ஆனால் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாய் ஆகிவிட்டது. பக்கத்து ஊருக்குக் கூலிவேலைக்குப் போகிறவருக்குப் போக வர 60 ரூபாய். இந்த நிலைமை 2024 பிப்ரவரி மாதம் வரையில் நீடித்து, அதன் பின்னரே பழைய கட்டணம் திரும்பிற்று. புதுச் சட்டை தராவிட்டால் போகட்டும்; பழைய சட்டையைப் புதுச் சட்டை என்று சொல்லி விலையும் வாங்கினால் தம்பி எங்கே போய் முறையிடுவான்? இதற்கிடையில் கால அட்டவணையைப் புதிதாக அமைக்கிறோம் என்று, ஏறுவோர் குறைந்த ஸ்டேஷன்களில் நிற்பதையும் பல வண்டிகள் விட்டுவிட்டன. ஏறுவோர் குறைவுதான், ஆனால் அந்தச் சிலருக்கு அது ஒன்றுதான் ரயில்.

நல்ல சூசனைகளும் இல்லாமலில்லை. 2023-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி 'அம்ருத் பாரத்' என்ற வண்டி ஓடத் தொடங்கிற்று. முதல் இரண்டில் ஒன்று வங்காளத்து மால்டாவிலிருந்து பெங்களூருக்கு வருவது. தெற்கே வேலை தேடி வரும் தொழிலாளிகளின் பாதை அது. 22 பெட்டிகளில் ஒன்றுகூட ஏ.ஸி. கிடையாது. ஸ்லீப்பரும் முன்பதிவில்லாப் பெட்டியுந்தான். முன்னாலும் பின்னாலும் ஓர் எஞ்சின் இருந்து, ஒன்று இழுக்க ஒன்று தள்ளுகிறது. ஆகவே கிளம்புவதும் துரிதம், குலுக்கலும் குறைவு. கீதாஞ்சலி ஓடி 46 வருஷங்களுக்குப் பிறகு சாமானியருக்கென்றே மறுபடியும் ஒரு மாதிரி வரைந்திருக்கிறார்கள் என்பதில் நமக்கு மகிழ்ச்சிதான். எத்தனை ரேக் கட்டுகிறார்கள், எந்தெந்தப் பாதைக்குக் கொடுக்கிறார்கள் என்பதை இனி நம் ஜனங்கள் கவனித்துக் கேட்க வேண்டும். வந்தே பாரத் எங்கள் ஊருக்கு வருமா என்று மனுப் போடுகிற நகரசபைகள், எங்கள் ஊர்ப் பாஸஞ்சருக்கு எந்த ரேக், அது எந்த வருஷத்துப் பெட்டி, ரேக்கைப் பகிர்ந்துகொள்ளும் வண்டி எது என்று ஒரு மனுவாவது போட்டுப் பார்க்கட்டும். கேட்டால்தானே ரயில்வேயாரும் பதிலைத் தேடுவார்கள்?

எந்த வண்டிக்கும் இளையவன் ஒருவன் இருப்பான் என்று எண்ணுவதும் தவறு. 1931-ஆம் வருஷம் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் விட்டார்கள் அல்லவா? அது மீட்டர் கேஜ். தமிழ்நாட்டுக்கு வெளியே இந்தியாவில் எங்கும் மின்சாரம் பாய்ந்த மீட்டர் கேஜ் பாதை கிடையாது. 2004-இல் அந்த வண்டிகளை நிறுத்தியபோது, அனுப்பி வைக்க ஓர் இடமில்லை. மற்ற ஊர் மீட்டர் கேஜ் பாதைகளில் மின்கம்பி இல்லை. மின்கம்பி உள்ள பாதைகளில் சக்கரம் பொருந்தாது. 73 வருஷத்துப் பரம்பரை தாம்பரத்தோடு முடிந்தது.

பெரம்பூரின் பழைய பெட்டிகள் இந்த விஷயத்தில் பாக்கியசாலிகள். நெடுந்தூர எக்ஸ்பிரஸில் ஓடி, பிறகு இரண்டாம் தரத்து எக்ஸ்பிரஸில் ஓடி, பாஸஞ்சரிலும் ஓடி, ஆட்களை ஏற்றும் ஆயுள் முடிந்தபின் அவற்றில் பலவற்றுக்கு ஒரு மறுபிறவி கிடைக்கிறது. பணிமனையில் ஆசனங்களைப் பிடுங்கிவிட்டு, ஜன்னல்களைத் தகடு வைத்து அடைத்து, பக்கக் கதவுகளையும் மூடி, முனையில் அகலமான கதவு வைக்கிறார்கள். ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு வழிவிட்டு, வரிசையாக மோட்டார் கார்களை உள்ளே ஓட்டிச் செல்கிறார்கள். காஞ்சீபுரத்துக்கு அருகே வாலாஜாபாத் ஸ்டேஷனில் இப்படிக் கார் ஏற்றும் வேலை நடக்கிறது. ஒரு காலத்தில் ஜன்னலோரத்து இடத்துக்காக ஆட்கள் துண்டைப் போட்டுச் சண்டையிட்ட அதே பெட்டி, ஜன்னலே இல்லாமல், யாரும் உட்காராத புத்தம் புதிய கார்களை ஏற்றிக்கொண்டு வடக்கே புறப்படுகிறது.